மூன்று மணப்பெண்களும் ஒரு கசிவும்

பஸ்ராவில் ஆகஸ்ட் மாதத்தில் கல்யாணம் வைக்கிறவர்களுக்கு மூளை கிடையாது என்று ஊரில் பாதிப் பேர் சொல்வார்கள். பத்ரியா சொல்லமாட்டாள். அந்த மூளையில்லாதவர்களை நம்பித்தான் அவளுடைய அழகு நிலையம் ஓடியது.

அந்த வியாழக்கிழமைக்கு மூன்று மணப்பெண்கள். முதல் பெண் பதினொரு மணிக்கு, அடுத்தவள் ஒரு மணிக்கு, கடைசிப் பெண் மூன்று மணிக்கு. காலை ஏழரைக்கே ஷர்ஜிக் காற்று வளைகுடாவின் ஈரத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து ஊர்மேல் போர்த்திவிட்டிருந்தது. இந்த நேரம் பார்த்து ஏசி செத்துக் கிடந்தது.

போன ஆகஸ்டிலும் இப்படித்தான் செத்தது. ஒரு மணப்பெண்ணின் கண் மை கன்னம் வழியாக இறங்கி, வெள்ளைக் கவுனில் கறுப்பு ஆறு ஓடியதை மாப்பிள்ளையின் தங்கை போனில் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டாள். அதற்கு முன்னால் வியாழக்கிழமைக்கு ஏழு பெண்கள் வந்த இடம் அது. இப்போது மூன்று. இந்த மூவருக்கும் மை வழிந்தால் நாலாமவள் என்று ஒருத்தி இனி வரமாட்டாள். பத்ரியா கதவைப் பூட்டிவிட்டு, விவாகரத்தான நாளிலிருந்து தப்பித்துவந்த தன் அண்ணன் வீட்டு அடுப்படிக்கே திரும்பிப் போகவேண்டியதுதான்.

வழக்கமாக வரும் லஃப்தா என்கிற மெக்கானிக் புதன்கிழமை சாயங்காலம் வந்தான். மொட்டை மாடியில் பத்து நிமிஷம் நின்றான், கேஸை ஏற்றினான், போய்விட்டான். விடிவதற்குள் அறை மறுபடி ரொட்டி அடுப்பாகிவிட்டது. அவன் போன் அணைந்து கிடந்தது. ஆகஸ்டில் பஸ்ராவின் ஏசி மெக்கானிக்கைப் பிடிப்பதைவிட மந்திரியைப் பிடிப்பது சுலபம். கடைசியில் அண்ணி வேறொரு மெக்கானிக்கின் பெயரைச் சொன்னாள். சாசிப். "மெதுவா செய்வாரு. ஆனா ஒருதடவை போன வீட்டுக்கு மறுபடி போறதில்ல." இது புகழ்ச்சியா, இகழ்ச்சியா என்று யோசிக்கப் பத்ரியாவுக்கு நேரமில்லை.

சாசிப் வெளிப்படியேறி மாடிக்கு வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லி உடம்பு. அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, தடித்த கையுறை, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி. வந்ததும் கேஸ் உருளையை ஈரச் சாக்கில் சுற்றி, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் குழந்தையைக் கிடத்துவது மாதிரி நிறுத்தி வைத்தார்.

"என்ன உஸ்தா, முத்துக் குளிக்கவா கிளம்பிட்டீங்க?" என்றாள் பத்ரியா. தொழில் தெரிந்தவர்களை அந்த ஊரில் 'உஸ்தா' என்றுதான் கூப்பிடுவார்கள். சிரிக்கிற நிலைமையில் அவள் இல்லை. ஆனால் அவள் அப்பா அஷ்ஷார் சந்தையில் துணி விற்றவர். எதிராளியைச் சிரிக்கவைக்காமல் பேச்சைத் தொடங்குவது அந்தக் குடும்பத்தில் பாவம்.

"கண்ணு ரெண்டுதான்க்கா இருக்கு. இந்த கேஸ் உள்ள இருக்கறப்ப கார் டயர்ல இருக்கற மாதிரி பத்துப் பன்னெண்டு மடங்கு அழுத்தம். பழைய கேஸ் ஆடுன்னா இது ஒட்டகம். மேல பட்டா பனியாவே பொசுக்கிடும்."

அவர் அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினார். "இந்தச் சூட்டுக்கு முள் முந்நூறைத் தாண்டி நிக்கணும். எழுபதுல படுத்திருக்கு. நேத்து ஏத்துனதெல்லாம் போயிருச்சு."

"அப்ப மறுபடி ஏத்துங்க. பதினோரு மணிக்குப் பொண்ணு வருது."

"வருஷத்துக்கு எத்தனை தடவை ஏத்துறீங்க?"

"ரெண்டு. போன வருஷம் மூணு. நாலு வருஷமா இப்படித்தான்."

"ஏசி கேஸ் பெட்ரோல் இல்லக்கா, ஓட ஓட தீர்றதுக்கு. ஒருதடவை ஊத்துனா ஆயுசுக்கும் போதும். குறையுதுன்னா எங்கேயோ ஓட்டை. பீப்பாய்ல ஓட்டையை வெச்சுக்கிட்டு வருஷம் நாலா தண்ணி ஊத்தியிருக்கீங்க." அவர் முழங்காலிட்டு வெளி யூனிட்டின் மூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இங்கே எண்ணெய்க் கசிவே இல்ல. உள்ள இருக்கற மெஷினை யாராச்சும் பாத்தாங்களா?"

பத்ரியா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உள்ளயா? பொம்பளைங்க தலைமுடி விரிச்சுப் போட்டு உக்காந்திருக்கற இடத்துலயா? ஆறு வருஷமா ஒரு ஆம்பளை அந்தக் கதவைத் தாண்டல. மாட்டுனவங்க மாட்டிட்டுப் போனாங்க. அதோட சரி. மத்தவங்கெல்லாம் வெளிப்படியில ஏறுவாங்க, மாடியோட வேலையை முடிச்சிட்டு இறங்குவாங்க."

சாசிப் தலையை ஆட்டினார். லேசாகச் சிரித்தாரோ என்னவோ, கண்ணாடிக்குள் தெரியவில்லை. "உள்ள ஏதாச்சும் வாசனை, எரிச்சல் உண்டா?"

"அதெல்லாம் இல்ல. சாம்பிராணிதான் இப்பல்லாம் போலிச் சரக்கு. கரியில போட்ட உடனே தொண்டையைக் கீறுது, கண்ணு எரியுது. மூணு கடை மாத்திட்டேன்."

சாசிப் எழுந்து நின்றுவிட்டார். "தூபக்கால் எங்கே வைக்கிறீங்க?"

"மூலையில, அலமாரி மேல. ஏசிக்குக் கீழே."

"வலது மூலையா?"

"ஆமா. எப்படித் தெரியும்?"

"பைப் மூட்டு அங்கேதான் இருக்கும். சாம்பிராணி நல்ல சரக்குதான்க்கா. கசியற கேஸ் கனமானது, கீழே இறங்கும். கரி நெருப்புல பட்டா விஷமா மாறும். நீங்க கடைக்காரன் மூணு பேரோட சண்டை போட்டதெல்லாம் வீண்." பேச்சில் இருந்த சோம்பல் போய்விட்டது. "முதல்ல கீழே போய்க் கதவு, ஜன்னல் எல்லாத்தையும் திறங்க. ஃபேனைப் போடுங்க. இன்னிக்கு நெருப்பே வேண்டாம்."

பத்ரியா ஓடிப்போய்த் திறந்தாள். வேலைக்கு இருக்கும் இரண்டு பெண்களிடமும் தூபக்காலைத் தூக்கிப் பின்வாசலில் போடச் சொன்னாள். நாலு வருஷமாகத் தன் வாடிக்கையாளர்களின் தொண்டையில் என்ன போய்க்கொண்டிருந்தது என்று நினைத்தபோது, அந்த வெக்கையிலும் அவளுக்கு முதுகு சில்லிட்டது.

திரும்பி வந்தபோது சாசிப் மிச்சமிருந்த கேஸை ஒரு காலி உருளைக்குள் இழுத்து முடித்திருந்தார். லஃப்தாவாக இருந்தால் காற்றில் திறந்துவிட்டிருப்பான். இனி நைட்ரஜனை ஏற்றிக் கசிவைத் தேடவேண்டும் என்றார் சாசிப். அதில்தான் முடிச்சு. அவருடைய நைட்ரஜன் நேற்று ஒரு குளிர்பதனக் கிடங்கில் தீர்ந்துபோயிருந்தது. நிரப்பும் இடம் ஜுபைர் சாலையில்; திறப்பதே பத்து மணிக்கு, போய்வர இன்னும் ஒரு மணிநேரம்.

வெளிப்படிக்குக் கீழே வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் முதஷ்ஷர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே டீ குடித்துக்கொண்டிருந்தான். உதவி செய்வதில் தாராளமான ஆள். "என்கிட்ட ஆக்சிஜன் ஃபுல்லா இருக்கு உஸ்தா. ஹோஸை மேல வீசறேன், பிடிச்சுக்குங்க. ஊரே அதை வெச்சுத்தான் டெஸ்ட் பண்ணுது."

"வேண்டாம்," என்றார் சாசிப்.

"ஏன் வேண்டாம்?" என்றாள் பத்ரியா. "காத்துதானே? நாம மூச்சு விடறதும் அதுதானே?"

"வேண்டாம்க்கா."

"கொஞ்சமா விடுங்க. பாதி அழுத்தம். அதுவும் வேணாமா? கால்வாசி?"

சாசிப் கையுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்தார், பையைத் தோளில் போட்டார், படியிறங்கத் தொடங்கினார். பத்ரியா பதறாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பேரத்தில் கோபித்துக்கொண்டு போகிறவன் மூன்றாவது படியில் திரும்பிப் பார்ப்பான் என்பது சந்தையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். சாசிப் மூன்றாவது படியைத் தாண்டினார். ஆறாவதைத் தாண்டினார். கடைசிப் படியில் கால் வைத்தபோதும் அவர் கழுத்து திரும்பவில்லை. அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. இந்த ஆள் நடிக்கவில்லை.

"உஸ்தா, போங்க. ஏன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

சாசிப் நின்று முதஷ்ஷரைப் பார்த்தார். "தம்பி, உன் ஆக்சிஜன் சிலிண்டர் வால்வு இறுகிப்போனா கிரீஸ் தடவுவியா?"

"அல்லா காப்பாத்தணும்," என்றான் முதஷ்ஷர். "எண்ணெய்க் கையால தொட்டாலே எங்க உஸ்தா செவிட்டுல விடுவாரு. எண்ணெயும் ஆக்சிஜனும் அழுத்தத்துல சேர்ந்தா கடையே..." பாதியில் நிறுத்தினான்.

"இந்த மெஷினோட கம்ப்ரசருக்குள்ள அரை லிட்டருக்கு மேல எண்ணெய் இருக்கு. பைப் முழுக்க அதேதான் பூசியிருக்கு. நீ அதுக்குள்ள ஆக்சிஜன் விடச் சொல்றே."

முதஷ்ஷர் டீக் கோப்பையைக் கீழே வைத்தான். வீசுவதற்காகச் சுருட்டி வைத்திருந்த ஹோஸை எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் போனான். போகிறபோது முகம் கஞ்சிபோட்ட துணிமாதிரி வெளுத்திருந்தது. எத்தனை மாடிகளுக்கு அந்த ஹோஸ் ஏறியிருக்கிறதோ, அவனுக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும்.

"அழுத்தத்தோட பேரம் பேசினவங்க ரெண்டு பேரை எனக்குத் தெரியும்க்கா," என்றார் சாசிப். "அவங்களை இப்ப காட்ட முடியாது."

பத்ரியா ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு அவள் மூளை, அப்பாவிடமிருந்து வந்த அந்த மூளை, வேறு பக்கம் திரும்பியது. "நைட்ரஜன்தானே வேணும்? வெயில்ல டயர் வெடிக்காம இருக்க, டயருக்குள்ள அடிக்கிறாங்களே, அதுவா?"

"அதேதான். உருளையில வர்றதா இருந்தா சரி."

நாலு தெரு தள்ளி அபூ தைசீரின் டயர்க் கடை. வியாழக்கிழமை காலை; பாக்தாத் போகிற வண்டியெல்லாம் அங்கே வரிசையில் நிற்கும். பத்ரியா போனை எடுத்தாள்.

"அபூ தைசீர், மக நிச்சயதார்த்தம் அடுத்த மாசம்தானே? மேக்கப், முடி, மருதாணி எல்லாம் என் பொறுப்பு. காசு பேசாதீங்க, கோபம் வரும். எனக்கு இப்ப ஒரு நைட்ரஜன் சிலிண்டர் வேணும்... வண்டி வரிசையில நிக்குதா? நிக்கட்டும். உங்ககிட்ட ரெண்டு சிலிண்டர் இருக்கே, ஒண்ணை அனுப்புங்க... சரி, பொண்ணோட தங்கச்சிக்கும் சேர்த்து. அதுக்கு மேல கேட்டா மாப்பிள்ளைக்கும் மை தீட்டி விட்டுருவேன்."

சிலிண்டர் மூன்று சக்கரச் சரக்கு வண்டியில், கயிறு கட்டி நிமிர்ந்து நின்றபடி வந்தபோது மணி ஒன்பதே முக்கால். ஆனால் அதற்கு முன்பே வேறொரு வண்டி வந்துவிட்டது. பதினொரு மணிக்கு வரச்சொன்ன மணப்பெண்ணை ஒன்றரை மணிநேரம் முன்னதாகவே கூட்டிவந்து இறக்கிவிட்டாள் அவளுடைய அத்தை, ஹாஜ்ஜா உம்மு ஸவாதி. கூடவே ஐந்து பெண்கள். ஹாஜ்ஜா உள்ளே வந்ததும் அபாயா அங்கியைக் கழற்றி அதாலேயே விசிறிக்கொண்டு, "பத்ரியா, இது கல்யாண வீடா, நீராவிக் குளியல் அறையா?" என்றாள்.

பத்ரியா ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். மறைத்தால் விலை ஏறும் என்பதும் சந்தைப் பாடம்.

ஆம்பளை உள்ளே வரமுடியாது. ஆனால் மூட்டு உள்ளே இருக்கிறது. சாசிப் வாசல் திரைக்கு வெளியே நின்றுகொண்டு, திரைக்கு உள்ளே நின்ற பத்ரியாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். நைட்ரஜன் உருளையின் கழுத்து முத்திரையை இரண்டு தடவை படித்துப் பார்த்து, தன் ரெகுலேட்டரை மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிட்டு வந்திருந்தார். அவர் உள்ளே நீட்டிய கண்ணாடியை மை போட்ட கண்மேல் மாட்டிக்கொண்டு, ஸ்டூலில் ஏறினாள் பத்ரியா.

"தலைக்குச் சாயம் பூசுவீங்களே, அந்த பிரஷ் இருக்கா? ஷாம்பூவை நுரையாக்கி மூட்டு மேல பூசுங்க. முகத்தைப் பக்கத்துல கொண்டு போகாதீங்க. நட்டை முறுக்கிப் பாக்கக்கூடாது."

"மணப்பெண் யாரு, நானா இந்த மெஷினா?" என்றது நாற்காலியில் இருந்த பெண்.

"மெஷின்தான் கண்ணு. அது அழகாகலேன்னா நீ அழகாக முடியாது."

அவள் நுரையைப் பூசினாள். இருபது வருஷம் பிரஷ் பிடித்த கை. ஒரு சொட்டு சிந்தவில்லை. முதல் மூட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் நுரை மெல்ல வீங்கியது, ஒரு திராட்சை அளவுக்கு. பிறகு திராட்சைக் குலை.

"உஸ்தா, பூக்குது."

"எந்த மூட்டு? பெரிய பைப்பா?"

"பெரியது. நட்டுக்குப் பின்னாடி."

சாசிப் மாடிக்குப் போய் அழுத்தத்தை முழுக்க இறக்கிவிட்டு வந்தார். "செம்புக் குழாயோட வாய் விரிச்ச இடம் வெடிச்சிருக்கும். வெறுமனே முறுக்கினா நிக்காது. வாயை வெட்டிட்டுப் புதுசா விரிக்கணும். அதை அக்கா செய்ய முடியாது. நான் உள்ள வரணும்."

பத்ரியா கதவைப் பார்த்தாள். எதிரே டீக்கடை, அங்கே பன்னிரண்டு கண்கள். "ஒரு ஆம்பளை இந்தக் கதவுல நுழைஞ்சா," என்று தொடங்கினாள். இந்தக் கட்டுப்பாட்டுக்காகத்தானே ஜனங்கள் தங்கள் பெண்களை அவளை நம்பி அனுப்புகிறார்கள்.

ஹாஜ்ஜா உம்மு ஸவாதி விசிறுவதை நிறுத்தினாள். "என் புருஷன் ருமைலா எண்ணெய்க் கிணத்துல முப்பது வருஷம் வால்வு திறந்து மூடின மனுஷன். வாயு கசியுதுன்னா யாரு வர்றா, யாரு போறான்னு பாக்கமாட்டாங்க, முதல்ல மூடுவாங்க. நாலு வருஷமா நீங்க மானத்தைக் காப்பாத்தினீங்க, விஷத்தை மூச்சுல இழுத்தீங்க. பெண்களே, எல்லாரும் பின்கட்டுக்கு. நான் வாசல்ல உக்காந்துக்கறேன். டீக்கடைக்காரனுங்க என் முகத்தைப் பாத்துக்கிட்டு இருக்கட்டும். தம்பி, பத்து நிமிஷம்."

"இருபத்தஞ்சு ஆகும் ஹாஜ்ஜா."

"பதினஞ்சு."

"இருபத்தஞ்சு."

"இவன் யாரு பெத்த பிள்ளை?" என்று பத்ரியாவிடம் கேட்டுவிட்டு, ஹாஜ்ஜா அபாயாவை மறுபடி போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்து நடைவாசலில் போட்டு உட்கார்ந்தாள். ஆறு வருஷத்தில் முதல் ஆண் அந்த அறைக்குள் தலையைக் குனிந்தபடி நுழைந்தார். டீக்கடையில் ஒருவன் எழுந்து பார்த்தான். ஹாஜ்ஜா அவனைப் பார்த்தாள். அவன் உட்கார்ந்துகொண்டான்.

இருபத்து நாலாவது நிமிஷத்தில் சாசிப் வெளியே வந்தார். பழைய குழாய் வாயின் வெட்டிய துண்டு அவர் உள்ளங்கையில் இருந்தது. ஓரத்தில் மயிரிழையாக ஒரு பிளவு. "எவனோ பலத்தைக் காட்டி முறுக்கியிருக்கான். இதுக்கு அளவு வெச்ச ஸ்பேனர் இருக்கு, 'க்ளிக்'னதும் நிறுத்தணும்."

மறுபடி நைட்ரஜன். இந்தத் தடவை இன்னும் அதிக அழுத்தம். உள்ளே யாரையும் நிற்கவிடவில்லை. அரைமணி நேரம் முள் அசையவில்லை. அதற்குள் முதல் பெண்ணின் முடி வேலையைப் பின்கட்டில் இரண்டு ஃபேன்களுக்கு நடுவே வைத்துத் தொடங்கிவிட்டாள் பத்ரியா. பாதியில் மாடிக்கு ஓடிவந்தபோது, சாசிப் குழாய்க்குள் இருந்த காற்றை உறிஞ்சும் வேக்கம் பம்பை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நேரம்?"

"நாப்பத்தஞ்சு நிமிஷம்."

"இருபது. பொண்ணுக்கு முகத்துல ஆரம்பிக்கணும்."

"நாப்பத்தஞ்சு."

"ஒரு பேச்சுக்காச்சும் நாப்பதுன்னு இறங்குங்களேன் உஸ்தா. எனக்கும் மரியாதையா இருக்கும்."

"நான் இறங்கிடுவேன்க்கா. ஷர்ஜி அடிக்கறப்ப பைப்பைத் திறந்திருக்கோம். உள்ள புகுந்த ஈரம் பேரத்துக்கு இறங்காது. அது கேஸோடயும் எண்ணெயோடயும் சேர்ந்தா கம்ப்ரசரைத் தின்னுடும்."

அவள் கீழே போய் இன்னொரு கொண்டை போட்டாள். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒருவரிடம் கேட்ட விலைக்கே ஒத்துக்கொண்டிருந்தாள். அது அவ்வளவு வலிக்கவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியம்.

பம்பை நிறுத்தியபிறகும் முள் நின்ற இடத்தில் நின்றது. சாசிப் ஒரு சின்னத் தராசை எடுத்துத் தரையில் வைத்து, உருளையை அதன்மேல் தலைகீழாகக் கவிழ்த்தார். கலப்பு கேஸாம், நேராக வைத்து விட்டால் ஒன்று முந்திக்கொள்ளும், மற்றது பின்தங்கும். யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த தகட்டைத் துடைத்து, அதில் எழுதியிருந்த எடையைப் படித்தார். லஃப்தா இத்தனை வருஷம் குழாயைத் தொட்டுப் பார்த்து, "போதும், ஜில்லுனு ஆயிருச்சு" என்று சொல்லித்தான் ஏற்றினான். துணியை முழம்போட்டு விற்ற வீட்டில் வளர்ந்தவள், கண்ணளவில் வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறாள். அதை நினைத்துத்தான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. சாசிப் தராசின் எண் வந்ததும் வால்வை மூடினார். ஒரு கிராம் கொசுறு கிடையாது.

பன்னிரண்டரைக்கு ஏசி மூச்சு விட்டது. முதலில் சாதாரணக் காற்று. அப்புறம் ஈரத்துணி பட்டது போல. அப்புறம் பெண்கள் ஒவ்வொருத்தராகப் பேச்சை நிறுத்திவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார்கள். ஹாஜ்ஜா நாற்காலியோடு உள்ளே வந்துவிட்டாள்.

மாடியில் சாசிப் கேஜைக் கழற்றி, வால்வு மூடிகளைப் போட்டு, உருளையை மறுபடி ஈரச் சாக்கில் சுற்றினார். பத்ரியா டீயும் தட்டில் பேரீச்சம்பழமும் கொண்டுவந்தாள். "அடுத்த வருஷம் எப்ப வருவீங்க உஸ்தா?"

"வரமாட்டேன். நான் வந்தா வேலை சரியில்லைன்னு அர்த்தம். வடிகட்டியை மாசாமாசம் நீங்களே கழுவுங்க. அந்த மூட்டுல மறுபடி நுரை பூசிப் பாக்கணும்னு தோணுச்சுன்னா, உங்களுக்குத்தான் தெரியுமே." டீயை ஒரே மூச்சில் குடித்தார். "நல்ல கை அக்கா உங்களுக்கு. எங்க தொழிலுக்கு வந்தீங்கன்னா, பொம்பளைங்க இடத்துக்கெல்லாம் நீங்கதான் போகணும். இந்த ஊர்ல எத்தனை அழகு நிலையம், எத்தனை பொம்பளை டாக்டர் அறை. எல்லாத்துலயும் உள்மெஷினை எவனும் பாத்திருக்கமாட்டான்."

பத்ரியா சிரித்தாள். ஆனால் அந்தக் கணக்கு மூளைக்குள் உட்கார்ந்துகொண்டது. "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு," என்றாள். "அந்த க்ளிக் ஸ்பேனர் பிடிக்க எவ்வளவு நாள் ஆகும் கத்துக்க?"

"ரெண்டு மாசம்."

"ஒரு மாசம்."

சாசிப் பையைத் தோளில் போட்டார். "ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணி. கண்ணாடியை நீங்களே வாங்கிக்கிட்டு வாங்க."

ஒரு மணிக்கு இரண்டாம் பெண்ணும், மூன்றுக்கு மூன்றாம் பெண்ணும் வந்தார்கள். வெளியே நாற்பத்தெட்டு டிகிரி. உள்ளே பவுடர் இருந்த இடத்தில் இருந்தது, மை போட்ட கோட்டில் நின்றது. ஐந்தரை மணிக்கு முதல் மாப்பிள்ளையின் கார்கள் தெருவில் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. மேளக்காரர்கள் வியர்வையில் நனைந்தபடி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் வந்து கதவைத் தட்டினான். மாப்பிள்ளை காரில் வெந்துகொண்டிருக்கிறாராம்.

மணப்பெண் எழுந்திருக்கவில்லை. அவள் தோழிகளும் எழுந்திருக்கவில்லை. தன் வேலை முடிந்து கிளம்பவேண்டிய இரண்டாவது மணப்பெண்ணும் சோபாவில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அத்தை, போகலாமா?" என்றாள் மணப்பெண், கண்ணை மூடியபடி.

ஹாஜ்ஜா உம்மு ஸவாதி காலை நீட்டிச் சாய்ந்துகொண்டாள். "கல்யாணத்துக்கு முப்பது வயசு வரைக்கும் காத்திருந்த மாப்பிள்ளை இன்னும் அரைமணி காத்திருப்பான். பத்ரியா, இன்னொரு சுற்று டீ போடச் சொல்லு. கதவை மட்டும் நல்லாச் சாத்து."